ஏழு பேருக்கு ஒரே ஆடு

போன மாதம் எங்கள் சபை வாலிபர்கள் நாலு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து கொடுப்பதை நிறுத்திவிட்டு, வெளியூரிலிருந்து படித்தவர் ஒருவரை வரவழைத்து முழுவதையும் பேசச் சொன்னால் என்ன என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற உபதேசியார் என்ற மரியாதைக்காக என் அபிப்பிராயம் தேவைப்பட்டது. நான் வாயைத் திறந்தேன். அபிப்பிராயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அது அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. தாத்தாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு தம்பி விசிறியை எடுத்து வீசவே ஆரம்பித்துவிட்டான். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உபதேசியார் வேலை என்றால் என்ன என்றே இப்போது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஐயர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவது, வீடு வீடாகப் போய் ஜெபிப்பது, பிறந்தவர் இறந்தவர் பேரை எழுதி வைப்பது, பெஞ்சு துடைப்பது, மணியடிப்பது எல்லாம் அந்த ஒரே ஆள்தான். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சாதியால் வந்த பேரல்ல. இந்த வேலைக்கு மதுரைப் பக்கம் இரண்டு வருஷம் படித்தேன். படித்ததில் உருப்படியாக நினைவிருப்பது இரண்டு: துக்க வீட்டில் நீட்டிப் பேசாதே, கல்யாண வீட்டில் பசியோடு பேசாதே.

என்னைக் காரைக்குடிக்கு அனுப்பியபோது ரயில் வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். செட்டிமார் வீடுகளைப் பார்த்து நாலு நாள் வாயைப் பிளந்துகொண்டு திரிந்தேன். எங்கள் கோயிலோ செக்காலைப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு நீள அறை. பக்கத்து வீட்டு ஆச்சியின் மாட்டுக்கொட்டகை அதைவிடப் பெரியது. சபையில் பதினொரு குடும்பம், என்னையும் சேர்த்து நாற்பத்தாறு பேர். வாத்தியார், போலீஸ் ஏட்டு, செட்டியார் வீட்டு மோட்டார் டிரைவர், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், தையல்காரர், தபால்காரர் என்று எல்லாரும் பிழைப்புக்காக அந்த ஊருக்கு வந்தவர்கள்.

என் வேலை தற்காலிகம். மூன்று வருஷமாகத் தற்காலிகம். இதில் எனக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. கம்பவுண்டர் சாமுவேலின் மகள் எஸ்தர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். அவளை எனக்குப் பிடிக்கும். அவளுக்கும் என்னைப் பிடிக்கும் என்பதை, நான் பிரசங்கத்தில் தடுமாறும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்து கொள்வதிலிருந்து கண்டுபிடித்திருந்தேன். அப்போதிருந்த பாக்கியநாதன் ஐயரே எனக்காகப் போய்ப் பெண் கேட்டார்.

"தம்பி நல்ல தம்பிதான் ஐயரே, இல்லைங்கல. ஆனா தற்காலிகமால்ல இருக்காக?" என்றார் கம்பவுண்டர். "நாளைக்கே போகச் சொல்லிட்டா எம்பொண்ணும்ல சேந்து தெருவுல நிக்கணும். நிரந்தரமாகட்டும், பாப்போம்."

பாக்கியநாதன் ஐயரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. குடை கேட்டால் குடையைக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்து போவார். யாரிடமாவது முக்கியமாகப் பேச வேண்டுமென்றால் தோளில் கை போடுவார், இரண்டு பக்கமும் பார்ப்பார், காதோடு காதாகச் சொல்லுவார். "உப்புமாவுல இஞ்சி போடச் சொல்லும்" என்பதைக்கூட ராஜாங்க ரகசியம் போலத்தான் சொல்லுவார். அவர் தோளில் கை போட்டவனுக்கு அன்றைக்கு முழுவதும் நெஞ்சு நிமிர்ந்தே இருக்கும்.

லெந்து என்கிற தவக்காலம் நாற்பது நாளும் அவர் ஒரு வேளை கஞ்சிதான். கோயிலில் பூ கிடையாது, பீடத்தில் ஊதாத் துணி. பெரிய வெள்ளியன்று ஹார்மோனியத்துக்கும் விடுமுறை. அதை ஒரு போர்வையால் மூடிவைப்போம். பன்னிரண்டு மணிக்கு ஆராதனை தொடங்கும். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசிப்பு, இருபது நிமிஷப் பேச்சு, முழங்கால் ஜெபம், ஒரு பாட்டு. சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. மூன்று மணி அடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது. ஏழு வார்த்தைகளையும் ஐயர் ஒருவரே பேசுவார். அவருக்கும் தொண்டை கட்டாது, எங்களுக்கும் அவர் பேசி அலுக்காது.

அந்த வருஷம் லெந்து நடுவில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. தெற்கே ஏதோ ஒரு சபையில் ஐயர் நோய்ப்பட்டுவிட்டார், உடனே வா என்று உத்தரவு. அவர் இடத்துக்கு வரப்போகிறவர் சற்குணம் ஐயர். இந்த மனிதர் ஒரு முறை சிரித்ததாகக் கேள்வி, ஆனால் அதற்குச் சாட்சி கிடையாது என்று எங்கள் வட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய வெள்ளி காலை ரயிலில் வருவார். அன்று அவர் பேசமாட்டார். சபையாரே ஆளுக்கொரு வார்த்தை பேச வேண்டும், அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். காரைக்குடிக்கு ஓர் உபதேசியார் தேவையா, தேவையென்றால் அது நான்தானா என்பதை அன்று மூன்று மணிக்கு மேல் தெரிவிப்பார். சபையாரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே அனுப்பி வைக்க வேண்டும்.

பட்டியலை மூன்று தடவை எழுதினேன். இரண்டு தடவை மை கொட்டிவிட்டது. ஏழு வார்த்தைகளுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கு ஏழாவது வார்த்தை விழுந்தது. ஆண்டவர் தம்மைப் பிதாவின் கைகளில் ஒப்படைப்பது. பேசத் தெரிந்தவர்கள் எங்கள் சபையில் நிறைய உண்டு. பிரசங்கம் பேசத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். நான் ஓடியது பாக்கியநாதன் ஐயரிடம்.

அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தோளில் கை போட்டார். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆசீர்வாதம், எங்கிட்ட ஒரு கதை இருக்கு. முப்பது வருஷமா பிரசங்கத்துல சொன்னதில்ல. சொன்னா அழுதுருவேன்னு சொல்றதில்ல. உமக்கு மட்டும் தாரேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேயும்."

கதை இதுதான். மானகிரிக்குப் போகிற வழியில் ஒரு பாழுங்கிணறு. அதில் ஒருவனுடைய ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டது. அந்த வழியாக வந்த வெளியூரான் ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றை அவிழ்த்துக் குட்டியின்மேல் கட்டி முதலில் அதை மேலே அனுப்பினான். குட்டி கரைக்கு வரவும் கயிறு அறுந்து விழவும் சரியாக இருந்தது. வேறு கயிறு கொண்டு வருவதற்குள் உள்ளிருந்த கெட்ட காற்றில் அவன் போய்விட்டான். ஐயர் சிறு வயதில் தன் கண்ணால் பார்த்தது இது. சொல்லி முடிக்கும்போது அவர் கண் கலங்கியது, நானும் அழுதுவிட்டேன். பெரிய வெள்ளிக்கு இதைவிட என்ன வேண்டும்? வீடுவரைக்கும் தரையில் கால் பாவாமல் நடந்து வந்தேன்.

இந்த இடத்தில் என் தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆராதனையை ஒழுங்கு செய்கிற உபதேசியார், பேசப்போகிற ஆறு பேரிடமும் என்ன பேசப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவர்கள் திரும்ப என்னைக் கேட்பார்கள் என்று பயந்து கேட்காமல் இருந்துவிட்டேன். அவர்களும் என்னைப் பார்த்தால் வேறு பேச்சுப் பேசினார்கள். ஏட்டு ஒரு நாள் காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாவம், மனிதருக்குப் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. ஓட்டுக்கூரை வெயிலில் பழுத்துக் கிடந்தது. சற்குணம் ஐயர் கறுப்புக் கோட்டோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே குடையை ஊன்றி, நான் அனுப்பிய பட்டியலை மடியில் விரித்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் அவரும் சிலுவையில் அறையப்பட்டவர்போல இருந்தார்.

முதல் வார்த்தை, மன்னிப்பைப் பற்றியது. வாத்தியார் எழுந்தார். "மானகிரிப் பாதையில் ஒரு பாழுங்கிணறு இருந்தது" என்றார்.

எனக்கு உச்சியில் கொதித்துவிட்டது. என் கதை! அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறார் மனிதர்! அவரோ அழகாகச் சொன்னார். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் ஏழாவது பேச்சுக்கு என்ன செய்வது என்று மளமளவென்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டாவது ஏட்டு மாசிலாமணி. பிரசங்கபீடத்தில் ஏறியவர் வாத்தியாரை ஒரு முறை முறைத்தார். பிறகு, மனப்பாடம் செய்ததை விடமுடியாமல் தொடங்கினார்.

"ஒரு கிணறு. பாழடைந்தது. மானகிரிப் பாதைக்கு வடக்கே. மேற்படி கிணற்றில் ஓர் ஆட்டுக்குட்டி விழுந்தது. மேற்படி ஆட்டை மீட்கும் பொருட்டு அடையாளம் தெரியாத நபர் ஒருவர் மேற்படி கயிற்றைக் கட்டிக்கொண்டு..."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மற்ற நாலு பேரையும் திரும்பிப் பார்த்தேன். டிரைவர் தாவீது வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு உதடுகளை அசைத்தார். கம்பவுண்டர் முகம் விளக்கெண்ணெய் குடித்தவர் முகமாக இருந்தது. தபால்காரர் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு பேரிடமும் ஒரே ஆடு!

மூன்றாவதாக எழுந்த தாவீது கெட்டிக்காரர். சமாளித்துவிடலாம் என்று பார்த்தார்.

"இது வேற கதைங்க," என்றார். "இது ஆடு இல்ல, கன்னுக்குட்டி. கெணறும் இல்ல, ஊருணி. ஊருணில கன்னுக்குட்டி விழுந்துருச்சு. ஒரு மனுசன் கயித்தக் கட்டிக்கிட்டு..." நின்றார். ஊருணிக்குக் கயிறு எதற்கு? அவருக்கே புரியவில்லை. "அதுக்குள்ள கன்னுக்குட்டியே நீந்திக் கரையேறிருச்சுங்க. அந்த மனுசனும் அவர் வழில போயிட்டாரு. ஆகவே யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆமென்."

பெஞ்சுகளில் ஓர் அசைவு ஓடியது. பலபேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. வருஷத்தில் ஒரு நாள் சிரிக்கக் கூடாது என்றால் அது இந்த நாள்தான். அதனாலேயே வயிற்றுக்குள் சிரிப்பு நண்டுபோல ஊர்ந்தது. முதல் பெஞ்சில் சற்குணம் ஐயர் தலையைக் குனிந்திருந்தார். கோபமா ஜெபமா என்று தெரியவில்லை. என் வேலை போயிற்று என்று மட்டும் தெரிந்தது.

நாலாவது கம்பவுண்டர். கைவிடப்பட்ட வேதனையைப் பற்றிய வார்த்தை அவருக்கு. அவருக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும், மருந்தானாலும் கதையானாலும்.

"முன்னால பேசுனவுக தப்புத் தப்பாச் சொல்லிட்டாக," என்று ஆரம்பித்தார். "கன்னுக்குட்டி இல்ல, ஆடுதான். ஊருணி இல்ல, கெணறுதான். ஆளு செத்தது நெசம். அத மாத்த யாருக்கும் அதிகாரம் இல்ல." பிறகு பாழுங்கிணற்றுக் காற்று நுரையீரலை என்ன செய்யும் என்று இருபது நிமிஷம் விளக்கினார்.

அவர் உட்கார்ந்ததும் பாட்டு. எஸ்தர் எழுந்தாள். வாயைத் திறந்து முதல் சொல்லை எடுத்தாள், அது மேலே போய் உடைந்து சிரிப்பாகக் கொட்டியது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், அணை போயிற்று. ஏட்டின் மனைவி சிரித்தார். வாத்தியார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எண்பது வயதான ரூபி அம்மாள் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார். நான் பீடத்து ஓரமாக மண்டியிட்டு, ஜெபிப்பவன்போல முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஆச்சியின் குரல் கேட்டது. "என்ன ஏட்டையா, இன்னைக்கு ஒங்க சாமிக்குத் துக்கம்னீகளே? உள்ள கல்யாணமா நடக்குது?"

ஐந்தாவது தையல்காரர். தாகத்தைப் பற்றிய வார்த்தை. "பாழுங்கெணறுன்னா தண்ணி இருக்காது. தண்ணி இல்லைன்னா தாகம். பாத்தீகளா, இந்தக் கதை எனக்குத்தான் சரியாப் பொருந்துது!" என்று வெற்றியோடு சொன்னார். ஆறாவது தபால்காரர். எல்லாம் முடிந்தது என்ற வார்த்தை. அவர் அதை வாசித்தார், எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்று உட்கார்ந்துவிட்டார். அரை நிமிஷம்கூட இருக்காது.

கடிகாரத்தில் இரண்டு பத்து. மூன்று மணிவரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது. மீதி ஐம்பது நிமிஷமும் என் தலையில்.

பிரசங்கபீடத்தில் ஏறினேன். கையிலிருந்த காகிதத்தில் முதல் வரியில் ஆடு நின்றுகொண்டிருந்தது. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். எஸ்தர் தலையைக் குனிந்திருந்தாள். சற்குணம் ஐயர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். வேலை எப்படியும் போகப்போகிறது, பொய் சொல்லாமலாவது போவோம் என்று தோன்றியது.

"எங்கிட்டயும் அதே ஆடுதான் இருக்கு," என்றேன். "வேற ஒண்ணும் இல்ல. பாக்கியநாதன் ஐயர் கதவைச் சாத்திட்டு, எனக்கு மட்டும்னு சொல்லிக் குடுத்தாக."

"எனக்கும் மட்டுந்தான்!" என்று ஏட்டு எழுந்துவிட்டார். "எனக்கும்!" "எனக்குந்தான்யா!" ஆறு குரலும் வந்துவிட்டது. கம்பவுண்டர் சொன்னது மட்டும் மெதுவாக இருந்தது. அதன்பிறகு எழுந்த சிரிப்பைப்போல் ஒரு சிரிப்பை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்டதில்லை.

ஐயர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அவரிடம் நல்ல கதை ஒன்றுதான் இருந்தது. கேட்டு வந்தவனுக்கு அதை முழுசாகக் கொடுத்தார். அடுத்தவன் வந்தான், அவனுக்கும் முழுசாகக் கொடுத்தார். பாதி கொடுக்க அவருக்குத் தெரியாது.

சிரித்துக் களைத்த முகங்களைப் பார்த்தேன். இந்த முகங்களை விட்டுப் போகப்போகிறோமே என்று தோன்றியது. பேச்சு வராத உபதேசியாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது. எனக்கு விழுந்த வார்த்தை ஒப்படைப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க ஆரம்பித்தேன்.

"பிதாவே, ஏட்டு மாசிலாமணியை உம்முடைய கையில் ஒப்படைக்கிறேன், பயமில்லாதவர்போல நடித்து நடித்துக் களைத்துப்போனவர். அவர் மனைவி அன்னம்மாளை ஒப்படைக்கிறேன்; கண் பார்வை குறைந்து வருவதை அவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறார்." அன்னம்மாள் 'ஐயோ' என்றது கேட்டது. ஏட்டு மூக்கைச் சிந்தினார். "டிரைவர் தாவீதை ஒப்படைக்கிறேன், அவர் வண்டியில் ஆடும் கன்றும் அடிபடாமல் காத்தருளும்." சிரித்தார்கள். "தபால்காரர் யேசுதாசனை ஒப்படைக்கிறேன், ஊருக்கெல்லாம் கடுதாசி கொடுக்கிறார், ரங்கூனில் இருக்கிற மகனிடமிருந்து அவருக்கு ஒரு கடுதாசி வரச் செய்யும்." யாரும் சிரிக்கவில்லை. குடும்பம் குடும்பமாகப் போனேன். போன மாசியில் நாங்கள் புதைத்த தையல்காரரின் குழந்தையையும், இனி இந்தச் சபை எண்ணிக்கையில் வராத எங்கள் பாக்கியநாதன் ஐயரையும் சொன்னேன். ஒரு வரிக்கு அழுதார்கள், மறு வரிக்குச் சிரித்தார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கடைசியாகக் கம்பவுண்டர் வீடு. "கம்பவுண்டர் சாமுவேலை ஒப்படைக்கிறேன், அவர் தருகிற மருந்து கசப்பு, ஆனாலும் பலிக்கிறது. அவர் மனைவி மேரியை, மகன் தங்கராஜை..." அடுத்தது எஸ்தர். அப்படி ஒரு பேரை அத்தனை பேர் முன்னால் தெய்வத்திடம் ஒப்படைப்பது எப்படி? என்னால் முடியவில்லை. தாண்டிப்போய் ஆமென் சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம். சற்குணம் ஐயர் எழுந்து நின்றார். ஒரு கையில் பட்டியல், மறு கையில் பென்சில். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்.

"உபதேசியாரே, நாற்பத்தாறு பேர் என்று எழுதி அனுப்பினீர்," என்றார். அவர் குரலை நான் நன்றாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நாற்பத்துநாலு பேரைத்தான் ஒப்படைத்திருக்கிறீர். இரண்டு பேர் விட்டுப்போயிற்று."

காது இரண்டும் எனக்குச் சுட்டது. எங்கள் விஷயம் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவர் பீடத்துப் பக்கம் திரும்பினார், கண்ணை மூடினார்.

"பிதாவே, சாமுவேலின் மகள் எஸ்தரையும், இந்தச் சபையின் நிரந்தர உபதேசியார் ஆசீர்வாதத்தையும் உம்முடைய கையில் ஒப்படைக்கிறோம்."

"ஆமென்!" என்று கூரை ஓடுகள் அதிரச் சபை முழுவதும் சொன்னது. நான் பிரசங்கபீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரை மோட்டைப் பார்த்தார். எல்லாருடைய குரலும் அடங்கிய பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தனியாக, "ஆமென்" என்றார்.